பனிக்கரடியை விடுங்கள், தெருவை அளப்போம்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கடலூர் மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு காலனியில் நாங்கள் மாலை நேரப் பாடசாலை நடத்துகிறோம். அங்கே வரும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, “காலநிலை மாற்றம்னா உங்களுக்கு என்ன தோணுதோ அதை வரைங்க” என்றோம். பாதிக்கு மேல் பனிக்கரடி வரைந்திருந்தார்கள். மிச்சப் பேர் பூமிக்கு வாயில் தெர்மாமீட்டர் வைத்து, கண்ணீர் விடுவதுபோல வரைந்திருந்தார்கள். ஒரு பிள்ளைகூடத் தன் வீட்டை வரையவில்லை.

அதே பிள்ளைகள்தான் டிசம்பர் முதல் வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துத் தூங்கியவர்கள். 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அந்தத் தண்ணீர் வடிவதற்குள், டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். பெண்ணையாறு கரை தாண்டியது. பாடப் புத்தகம், ரேஷன் அரிசி, ஆடு எல்லாம் போயிற்று. இதையெல்லாம் தன் உடம்பால் தெரிந்துகொண்ட ஒரு பிள்ளை, காலநிலை மாற்றம் என்று கேட்டவுடன் வடதுருவத்துக்குப் போய்விடுகிறது.

யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று தேடினால், வெட்கத்தோடு சொல்கிறோம், நாங்கள்தான். ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த வண்ணப் படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தோம். மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வந்து சோதனைகூடச் செய்து காட்டியிருந்தோம். ஒரு பாத்திரத்தில் மிதக்கும் ஐஸ், இன்னொன்றில் கல்லின் மேல் வைத்த ஐஸ். மிதக்கும் ஐஸ் உருகினால் நீர்மட்டம் ஏறாது, கல்லின் மேல் இருப்பது உருகினால் ஏறும். கடல்மட்டம் ஏன் உயர்கிறது என்பதை விளக்க இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. பிள்ளைகளும் ரசித்தார்கள். சோதனையில் குறையில்லை. அதற்கு அப்புறம் நாங்கள் சொன்னதில்தான் கோளாறு. ஃபேனை அணையுங்கள், மரம் நடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம் என்றோம். மூன்று சென்ட் மனையில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமாக இருக்கிற வீட்டில் மரத்தை எங்கே நடுவது?

கார்பன் தடம் கணக்கிடும் விளையாட்டும் ஆடினோம். உங்கள் வீட்டில் கார் இருக்கா, ஏசி இருக்கா, விமானத்தில் போயிருக்கீங்களா என்று கேட்டு மதிப்பெண் போடுகிற விளையாட்டு. எல்லாருக்கும் கிட்டத்தட்டப் பூச்சியம். ஒரு பையன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் ஃபெயிலாக்கா?” என்றான். ஒரு அமெரிக்கரின் ஆண்டு சராசரி கரியமில வாயு உமிழ்வு 14 டன்னுக்கு மேல், இந்தியரின் சராசரி சுமார் 2 டன். அந்த 2 டன்னும் பங்களாவையும் சேரியையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த கணக்கு. அந்தப் பையனுக்கு நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது, “நீ எதையும் கெடுக்கலப்பா” என்பது மட்டும்தான். அதைவிட்டு அவனுக்குக் குற்ற உணர்வைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் சுவரில் இருந்த படங்களைக் கிழித்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினோம்.

முதலில் மழை. மயிலத்தில் பெய்த 50 செ.மீ. என்றால் எவ்வளவு என்று கேட்டோம். கையை முழங்கால் வரை வைத்துக் காட்டினார்கள். சரிதான். பிறகு சாக்பீஸால் தரையில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் கட்டம் போட்டோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். அப்படியென்றால் 500 மில்லிமீட்டருக்கு 500 லிட்டர். எங்கள் ஊரில் அம்மாக்கள் தூக்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர். வகுத்துப் பார்த்தால் 33 குடம். ஒரு சின்னக் கட்டத்துக்கு 33 குடம்! பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டார்கள். தினமும் தண்ணீர் பிடிக்கப் போகிற பெண் பிள்ளைகளுக்கு அந்த எண் தோளில் உறைத்தது. நான்காம் வகுப்புக் கணக்கு, அளவைகள், வகுத்தல் எல்லாமே அதில் வந்துவிட்டது.

காற்று சூடானால் மழை ஏன் கூடுகிறது? இரண்டு ஈரக் கைக்குட்டைகளை ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் காயப்போட்டோம். வெயிலில் போட்டது முதலில் காய்ந்தது. சூடான இடத்தில் தண்ணீர் சீக்கிரம் காற்றுக்குப் போகிறது, சூடான காற்று பெரிய பை மாதிரி கூடுதல் தண்ணீரைச் சுமக்கிறது என்று சொன்னோம். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். பை நிரம்பிக் கிழிந்தால் கொட்டுவதும் அதிகமாகத்தான் இருக்கும். ஒரு புயலைக் காட்டி ‘இது காலநிலை மாற்றத்தால் வந்தது’ என்று அடித்துச் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னோம். 30 ஆண்டு சராசரியை வைத்துத்தான் காலநிலையைப் பேச முடியும். அதனால் தாத்தா பாட்டிகளிடம் போய், அவர்கள் காலத்தில் ஐப்பசி மழை எப்படிப் பெய்தது என்று கேட்டு எழுதி வரச் சொன்னோம்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. “மழை எல்லாத் தெருவிலயும்தானே பேஞ்சுது. எங்க தெருவுல மட்டும் ஏன் நின்னுச்சு?”

இதற்கு எங்கள் முதுகலைப் படிப்பில் பதில் இருக்கிறது. ஊரும் சேரியும் எப்படிப் பிரிந்தன, புறம்போக்கும் பள்ளமும் யாருக்கு ஒதுக்கப்பட்டன என்று இரண்டு மணி நேரம் பேசலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு? அளந்து பார்த்தால் போதாதா?

அளப்பதற்கு என்ன கருவி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளையைக் கூட்டிப் போக வந்த ஒரு அப்பா, கொத்தனார் வேலைக்குப் போகிறவர், “டியூப் லெவல் போட்டுப் பாத்துடலாமே” என்றார். கட்டட வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். முப்பதடி நீளத்துக்கு, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு டியூப். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். இரண்டு முனையையும் இரண்டு பேர் தூக்கிப் பிடித்தால், நடுவில் தரை எப்படி இருந்தாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரைவரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால், வித்தியாசம்தான் மேடு பள்ளம். முப்பது முப்பது அடியாக நகர்ந்து கூட்டிக்கொண்டே போனால் தெரு முழுக்க அளந்துவிடலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்தான் ஆசிரியர். குமிழி இருந்தால் ஏன் கணக்கு தப்பும் என்பதை அவர் சொன்ன மாதிரி எங்களால் சொல்லியிருக்க முடியாது. டியூபைச் சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலே ஏற்றிக் காட்டினார். அவருடைய மகள் அன்று முழுக்க டியூபின் ஒரு முனையை யாருக்கும் கொடுக்கவில்லை. ஸ்டெம் கல்வி, அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் செய்து பார்த்துக் கற்பது என்று நகரத்துப் பள்ளிகளில் பெட்டி பெட்டியாகக் கருவிகள் விற்கிறார்களே, அந்தப் பெட்டிகளில் எதிலாவது ஒரு கொத்தனாரின் பெயர் இருக்கிறதா என்று அன்றைக்கு எங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டோம்.

பள்ளிக்கூட வாசலில் தொடங்கிக் காலனியின் கடைசி வீடு வரை ஒரு நாள் அளந்தோம். பள்ளிக்கூட வாசலில் இருந்து ஊர்த்தெருவுக்குள் இன்னொரு நாள். இரண்டாவது நாள் அவ்வளவு சுலபமாக இல்லை. டேப்பும் டியூபுமாகப் பிள்ளைகள் போனதைப் பார்த்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். “எதுக்கு அளக்கறீங்க? யார் பெட்டிஷன் போட்டது?” டேப்பைப் பிடித்தாலே பஞ்சமி நிலமோ பட்டாவோ என்று பயம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடப் பிராஜக்ட் என்று சொல்லிச் சமாளித்தோம். பாதித் தெருவோடு திரும்பிவிட்டோம். அந்தப் பாதியிலேயே விடை கிடைத்துவிட்டது. ஊர்த்தெருவில் நாங்கள் அளந்த கடைசிப் புள்ளிக்கும் காலனியின் கடைசி வீட்டுக்கும் மூன்றரை அடிக்கு மேல் வித்தியாசம். அதில் ஒரு பங்கு இயற்கையான சரிவு. இன்னொரு பங்கு, பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிது புதிதாகப் போட்டுப் போட்டு உயர்ந்த மெயின் ரோடு. எங்கள் தெருவுக்கு அது ஒரு கரை மாதிரி நிற்கிறது. வடிய வழியில்லை.

தமிழ்நாட்டில் 2021-இல் அப்போதைய தலைமைச் செயலர், பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். வீடுகளுக்குள் தண்ணீர் புகக் கூடாது என்பதுதான் அதில் சொல்லப்பட்ட காரணம். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அந்த அறிவுறுத்தலின் தேவையை டியூப் வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். பள்ளிக்கூடத்தில் சின்னக் கண்காட்சி. எங்கள் பிள்ளைகள் ஒரு சார்ட் தயாரித்தார்கள். ‘எங்க தெருவில் ஏன் தண்ணி நிக்குது?’ என்று தலைப்பு. ஊர்த்தெரு, பள்ளிக்கூடம், மெயின் ரோடு, காலனி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் உயரத்தையும் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். முந்தைய நாள் மாலை ஆசிரியர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. வெள்ளத்தன்று வராந்தாவைத் திறந்துவிட்டவரே அவர்தான். “நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊர்க்காரங்க வருவாங்க. தெரு பேரை மட்டும் எடுத்துடுங்க. இடம் ஒண்ணு, இடம் ரெண்டுன்னு போட்டுக்கலாம்” என்றார். நாங்கள் ஒத்துக்கொண்டோம். ஊர்த்தெரு, காலனி என்ற இரண்டு சொற்களின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டினோம். விளக்கம் சொல்ல நிற்க வேண்டிய பிள்ளை, அந்தக் கொத்தனாரின் மகள்தான், கேட்டாள்: “இடம் ஒண்ணு எங்க இருக்குன்னு கேட்டா என்ன சொல்றது?”

“கேட்டா எங்களக் கை காட்டிடு” என்றோம். யாரும் கேட்கவில்லை. அவள் இரண்டு மணி நேரம் அந்தச் சார்ட் பக்கத்தில் நின்றாள்.

இதைப் பற்றி எங்களுக்குள் இன்னமும் சண்டை ஓய்ந்தபாடில்லை. பள்ளிக்கூடக் கதவு மூடிவிட்டால் எல்லாமே போய்விடும், விட்டுக்கொடுத்தது சரி என்கிறார் எங்களில் ஒருவர். ஒரு பிள்ளை தன் கையால் அளந்ததை மறைக்கச் சொல்லிவிட்டு அறிவியல் நாள் கொண்டாடியிருக்கிறோம், அளந்ததை அப்படியே சொல்ல முடியாவிட்டால் அந்தக் கல்விக்குப் பெயர் வேறு என்பது எங்களில் பெரும்பாலோரின் கருத்து. எங்கள் முடிவும் இப்போது அதுதான்.

ஏப்ரலில் வெயில். நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் நான்கு வாங்கினோம். வெயில் நேரே படாத இடத்தில், தரையிலிருந்து ஒரே உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்பது மட்டும்தான் விதி. தகரக் கூரை வீடு, கீற்று வீடு, அரசு கட்டிக் கொடுத்த கான்கிரீட் தொகுப்பு வீடு, பள்ளி வகுப்பறை. பகல் மூன்று மணிக்கு எது அதிகம் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னோம். எல்லாரும் தகரம் என்றார்கள், அப்படியே இருந்தது. இரவு பத்து மணிக்கும் தகரம்தான் என்று நாங்களும் நினைத்தோம். தகரம் ஆறிவிட்டிருந்தது. தொகுப்பு வீடுதான் கொதித்துக்கொண்டிருந்தது. கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில் மெல்ல மெல்ல விடுகிறது. “அதான் எங்க ஆயா வெளிய கட்டில் போட்டுப் படுக்குது” என்றான் ஒரு பையன். ஒரு தொகுப்பு வீட்டு மாடியில் சுண்ணாம்பு அடித்துவிட்டு மறுபடி அளந்தோம், குறைந்தது. அந்த வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டுக்கும் அடிக்கச் சொல்லிவிட்டார். இது வேறு செலவு எங்களுக்கு.

இளம் தோழர்கள் சிலர் இதைச் செய்ய விரும்புவீர்கள் என்பதால் இரண்டு விஷயம். ஒன்று, இணையத்தில் பிரபலமான பாட்டில் சோதனை. இரண்டு பாட்டில்களில் ஒன்றில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து கரியமில வாயு நிரப்பி, வெயிலில் வைத்து, எது அதிகம் சூடாகிறது என்று பார்ப்பது. வித்தியாசம் மிகச் சிறியதாகத்தான் வரும், பல நேரம் வரவே வராது. வந்தாலும், கனமான அந்த வாயு காற்றோடு கலந்து புரளாமல் இருப்பதுதான் பெரும்பகுதிக் காரணம், வளிமண்டலத்தில் நடப்பது அது இல்லை என்று இயற்பியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வராத விடையை வந்ததாகச் சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள். வேண்டுமானால் யூனிஸ் ஃபூட் கதையைச் சொல்லுங்கள். 1856-இல் அமெரிக்காவில் கண்ணாடிக் குழாய்களையும் தெர்மாமீட்டர்களையும் வெயிலில் வைத்து, கரியமில வாயு உள்ள குழாய்தான் அதிகம் சூடாகிறது என்று முதலில் எழுதிய பெண். அவருடைய கட்டுரையை அறிவியல் மாநாட்டில் வாசித்தவர் ஒரு ஆண். புகழெல்லாம் மூன்று வருடம் கழித்து அளந்த ஜான் டிண்டலுக்குப் போனது. நூறு வருடத்துக்கு மேல் ஃபூட் மறக்கப்பட்டிருந்தார். நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிகிறது.

இரண்டாவது, துடைப்பம். சுற்றுச்சூழல் செயல்பாடு என்றால் பல பள்ளிகளில் முதலில் வருவது குப்பை பொறுக்குவதும் பெருக்குவதும்தான். 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் மையத்தில் எந்தப் பிள்ளை கையிலும் செயல்பாடு என்ற பெயரில் துடைப்பம் கொடுப்பதில்லை. டேப் கொடுக்கிறோம், தெர்மாமீட்டர் கொடுக்கிறோம். கருவியைப் பிடிப்பது யார், கோணியைப் பிடிப்பது யார் என்று ஒரு வகுப்பறையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முதுகலையில் இரண்டு வருடம் படித்தது அங்கே நடந்துகொண்டிருக்கும்.

அரசைக் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் நல்ல திட்டம். சோதனைப் பொருட்களோடு கருத்தாளர்கள் பள்ளிகளுக்கு வருகிறார்கள். ஆனால் அது 6 முதல் 8 வரைக்கும்தான். தொடக்கப்பள்ளிக்கு எண்ணும் எழுத்தும் இருக்கிறது, அதன் நோக்கம் வேறு. ஐந்தாம் வகுப்புவரை பிள்ளை எந்தக் கருவியையும் தொடாமல் இருந்தால், ஆறாம் வகுப்பில் கருவி வரும்போது வீட்டில் டேப்லெட் வைத்திருக்கும் பிள்ளைதான் முதலில் கை நீட்டும். பெரிய செலவும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம், கிராமத்தில் கிடைக்கும் பொருட்களை வைத்தே பிள்ளைகளைச் சோதனை செய்ய வைத்தது. அரவிந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்துப் பொம்மை செய்யத் தொடங்கியது அங்கேதான். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய பிறகு, 2002-இல் அந்த மாநில அரசே அதை நிறுத்திவிட்டது. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகளுக்கு அரசுகள் எவ்வளவு காலம் செலவு செய்யும் என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பு நம் தெருவிலிருந்தும் வந்தது. ஒரு அம்மா நேராகவே கேட்டார். “நாம பள்ளத்துல இருக்கோம்னு எம்புள்ள அளந்துதான் தெரிஞ்சுக்கணுமா? ராக்கெட்டு, கம்ப்யூட்டருன்னு ஏதாச்சும் சொல்லிக் குடுங்க. இந்தத் தெருவ விட்டுப் போவட்டும்.” அவர் சொன்னதில் எங்களுக்குப் பதில் இல்லாத ஒரு நியாயம் இருக்கிறது. நாங்களும் அப்படித் தெருவை விட்டு வந்து படித்தவர்கள்தான். ராக்கெட்டும் சொல்லித்தர வேண்டும், சைக்கிள் பம்பு வைத்து பாட்டில் ராக்கெட் விட்டோம், அந்த அம்மாவும் வந்து பார்த்தார். ஆனால் அடுத்த புயல் வரும்போது அந்தப் பிள்ளை இந்தத் தெருவில்தான் இருக்கும்.

மே 1 கிராம சபையில் பிள்ளைகளின் அளவுகளை ஒரு தாளில் எழுதி, ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும், காலனியிலிருந்து வாய்க்கால் வரை வடிகால் வேண்டும் என்று கேட்டோம். அதில் இடம் ஒன்று, இடம் இரண்டு என்று எழுதவில்லை. தெருப் பெயர்களையே எழுதினோம். கொஞ்சம் சலசலப்பு. ஊர்த்தெருக்காரர் ஒருவரே எழுந்து, ரோடு உயர்ந்ததால் தன் வீட்டு வாசலிலும் தண்ணீர் நிற்கிறது என்று சொன்னதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தீர்மானம் எழுதப்பட்டது. அதன் நகல் எங்களிடம் இருக்கிறது. வடிகால் இன்னும் வரவில்லை. மனு, நினைவூட்டல் மனு என்று போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது ஐப்பசி. பிள்ளைகள் பக்கவாட்டு நேராக உள்ள பாட்டில்களின் தலையை வெட்டிக் கவிழ்த்து வைத்து, அடியில் கூழாங்கல் போட்டு, பூச்சியக் கோடு வரை தண்ணீர் ஊற்றி மழைமானி செய்திருக்கிறார்கள். ஐந்து வீட்டு மாடியில் கட்டியாயிற்று. தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுத வேண்டும், வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்துக்குத்தான் எழுதுகிறது. காலனியின் கடைசி வீட்டுச் சுவரில் அடி அங்குலமாகக் கோடு போட்டு, போன வருடம் தண்ணீர் நின்ற உயரத்தைச் சிவப்பில் குறித்திருக்கிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் தண்ணீர் முதல் கோட்டைத் தொடும் என்று தெரிந்துவிட்டால், பள்ளிக்கூடத்துக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று இந்த முறை பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வரும் பிப்ரவரி கண்காட்சிக்குப் பழைய சார்ட்டை வெளியே எடுத்தோம். ஒட்டியிருந்த வெள்ளைத்தாளைத் தண்ணீர் தொட்டு உரித்தபோது எழுத்தும் கொஞ்சம் பிய்ந்து வந்துவிட்டது. புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.